பந்தியும் தெருவும்

குறிஞ்சிப்பாடி வட்டத்து வடலூரில் 1867 மே 23 அன்று இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் ஊரார் நிலம் கொடுத்தார்கள். பசித்து வந்தவரிடம் சாதி, சமயம் கேட்காமல் சோறு போடுவதே அங்கு விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்பார்கள். சாதிக்கொரு பந்தி விரித்த காலத்தில் இது சின்னக் காரியமா?

ஆனாலும் சேர்ந்து உண்பது வேறு, சேர்ந்து குடியிருப்பது வேறு. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் கை கழுவியதும் ஊருக்கும் காலனிக்குமாகப் பிரிந்துதான் போகிறார்கள். பக்கத்து நெய்வேலி நகரியத்தில் பல மாநிலத்தவர் வந்து குடியேறினார்கள். அங்கே வீடு ஒதுக்கியது வேலைத் தரத்தைப் பார்த்து. பிரிவினைக்கு அளவுகோல் மாறியது, அவ்வளவுதான்.

குடியிருப்பையே கலக்க 1997இல் வந்தது பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம். 100 வீடுகளில் ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. சுடுகாடும் பொது.

எஞ்சியிருப்பது திருமணம். அங்கேதான் கதவு இறுகச் சாத்தியிருக்கிறது. 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, நாட்டில் சாதி கடந்த திருமணம் நூற்றுக்கு 5 அளவில்தான்.