ஓட்டுல முதலிடம்… கிராம சபையில நம்ம இடம் எங்க?

(இண்டூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க. உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல போடுங்க.)



2024 நவம்பர்ல அமெரிக்காவுல அதிபர் தேர்தல் நடந்துச்சு. நம்ம ஊர் டீக்கடையில என்னா பேச்சு! டிரம்ப் வருவாரா, கமலா ஹாரிஸ் வருவாங்களான்னு பந்தயமே கட்டினாங்க. கமலா ஹாரிஸோட தாத்தா ஊர் மன்னார்குடி பக்கத்துல துளசேந்திரபுரம். அந்த ஊர் கோயில்ல அவங்களுக்காக சிறப்புப் பூஜையே நடந்துச்சு. பேசுறது தப்பே இல்ல. உலக நடப்பு தெரிஞ்சுக்கணும்.

ஆனா ஒரே ஒரு கேள்வி. வெள்ளை மாளிகையில யார் உக்காரணும்னு கணக்குப் போடுற நமக்கு, நம்ம ஊராட்சிக்குப் போன வருஷம் எவ்வளவு பணம் வந்துச்சு, அது எந்தத் தெருவுக்குப் போச்சுன்னு தெரியுமா? தெரிஞ்சவங்க கை தூக்குங்க பார்ப்போம்.

ஓட்டுப் போடுற விஷயத்துல அமெரிக்காகிட்ட நாம பாடம் படிக்க வேண்டியதில்ல. 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல தர்மபுரி தொகுதியில 81 சதவீதத்துக்கு மேல வாக்குப்பதிவு. தமிழ்நாட்டுலயே முதலிடம்! மத்திய சென்னை 54 சதவீதத்துலயே நின்னுபோச்சு. அதே வருஷம் அமெரிக்காவுல, ஓட்டுரிமை உள்ளவங்கள்ல ஓட்டுப் போட்டவங்க சுமார் 64 சதவீதம்தான். பெங்களூருல கட்டட வேலை செய்யிறவங்க ஒருநாள் கூலியை விட்டுட்டு, பஸ்ஸுல நின்னுகிட்டே வந்து மை வச்சுட்டுப் போற மண்ணு இது.

அங்க கறுப்பின மக்கள் தென் மாநிலங்கள்ல பயமில்லாம ஓட்டுப் போட 1965ல தனியா ஒரு சட்டம் வர வேண்டியிருந்துச்சு. நம்ம அரசியலமைப்புச் சட்டம் 1950லயே, 21 வயசான எல்லாருக்கும் சாதி பார்க்காம, படிப்பு பார்க்காம, சொத்து பார்க்காம ஓட்டுரிமையைக் கையில கொடுத்துச்சு. இதுல நாம தலை நிமிர்ந்தே நிக்கலாம்.

அப்போ அவங்ககிட்ட கத்துக்க ஒண்ணுமே இல்லையா? இருக்கு.

அமெரிக்காவுல வெர்மான்ட்னு ஒரு சின்ன மாநிலம். வருஷா வருஷம் மார்ச் மாசம் முதல் செவ்வாய்க்கிழமை அங்க ஊர்க்கூட்ட நாள். நிறைய ஊர்ல மக்கள் பள்ளிக்கூடத்துலயோ ஊர் மண்டபத்துலயோ கூடுவாங்க. ஊரோட வரவு செலவை எடுத்து வச்சுப் பேசுவாங்க. ரோட்டுக்கு இவ்வளவா? ஏன்? புது வண்டி இந்த வருஷமே வாங்கணுமா? கேள்வி கேட்டு, வாதாடி, அங்கேயே ஓட்டுப் போட்டு முடிவெடுப்பாங்க. விவசாயி, கடைக்காரர், வாத்தியார் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அங்கயும் இப்போ கூட்டம் குறையுதுன்னு கவலைப்படுறாங்க. ஆனாலும் விடாம நடத்துறாங்க.

‘ஆஹா, நம்ம நாட்டுல இப்படி இல்லையே’ன்னு ஏங்க வேண்டாம் தோழர்களே. இருக்கு! 1993ல நடைமுறைக்கு வந்த 73வது அரசியலமைப்புத் திருத்தம் அதைத் தந்துச்சு. 1994ல தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்துச்சு. அதுக்குப் பேருதான் கிராம சபை. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற ஒவ்வொருத்தரும் உறுப்பினர். எம்.எல்.ஏ.வுக்குச் சட்டசபை மாதிரி, உங்களுக்குக் கிராம சபை. ஒரே ஒரு வித்தியாசம். எம்.எல்.ஏ. பதவி அஞ்சு வருஷம், உங்க பதவி ஆயுசுக்கும்!

முன்னாடி வருஷத்துக்கு நாலு நாள் இருந்துச்சு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. பிறகு மார்ச் 22 தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து ஆறு ஆச்சு. மக்கள் தொகை 501ல இருந்து 3,000 வரை உள்ள ஊராட்சின்னா 100 பேர், 10,000 வரைன்னா 200 பேர், அதுக்கு மேலன்னா 300 பேர் வந்தாகணும். அது குறைவெண் வரம்பு.

அந்த எண்ணிக்கை எப்படி நிரம்புதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போற அம்மாக்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, நோட்டுல கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிடுவாங்க. தீர்மானம் என்னன்னு கேட்டா அந்த அம்மாவுக்கும் தெரியாது, பக்கத்துல நிக்கிறவருக்கும் தெரியாது. ஓட்டுப் போட 81 பேர் வர்ற இடத்துல, கணக்குக் கேக்க எட்டுப் பேர் இல்லைன்னா அந்த 81க்கு என்ன மதிப்பு?

‘கூட்டத்துல பேசி என்னய்யா ஆகப்போகுது?’ன்னு கேப்பீங்க. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பாருங்க. 2024 நவம்பர்ல அந்தப் பகுதியில டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிஞ்சதா அறிவிப்பு வந்துச்சு. 2,000 ஹெக்டேருக்கு மேல. நவம்பர் 23 கிராம சபையில அந்த வட்டாரத்து ஊர்கள் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9ல சட்டமன்றமும் தீர்மானம் போட்டுச்சு. ஜனவரி 7ல மக்கள் ஆயிரக்கணக்குல மதுரைக்கே நடந்தாங்க. ஜனவரி 23, 2025… மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு! வெறும் தீர்மானம் மட்டும் செய்யல, போராட்டம் செஞ்சுச்சு. ஆனா அந்தப் போராட்டத்துக்கு நிக்க ஒரு தரை வேணும் இல்லையா? ‘எங்க ஊர் சபை வேண்டாம்னு சொல்லியிருக்கு’ங்கிற அந்த ஒரு வரிதான் அந்தத் தரை.

இன்னொண்ணும் சொல்லணும். தர்மபுரி உட்பட 28 மாவட்டத்து ஊராட்சிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5ல முடிஞ்சது. காலம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்னு அரசியலமைப்பு சொல்லுது. நடக்கல. பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போச்சு. இதுக்கு முன்னாடி 2016 அக்டோபர்ல முடிஞ்சதுக்கு 2019 டிசம்பர்லதான் தேர்தல் வந்துச்சு. ஆட்சி மாறுச்சு, இந்தப் பழக்கம் மாறல. தலைவர் நாற்காலி காலியாகலாம். ஆனா கிராம சபையைக் கலைக்க யாராலயும் முடியாது. அது காலாவதியே ஆகாத சபை.

அந்த நாற்காலியும் சும்மா வந்ததில்ல. மேலவளவுல ஊராட்சித் தலைவரா ஜெயிச்ச ஒரே குற்றத்துக்காக முருகேசனையும் கூட இருந்தவங்களையும் 1997 ஜூன் 30ல வெட்டிக் கொன்னாங்க. பாப்பாபட்டி, கீரிப்பட்டியில பத்து வருஷம் தேர்தலை முறையா நடத்த விடல. 2006லதான் நடந்துச்சு. இவ்வளவு ரத்தம் சிந்தி வாங்கின இடத்தை நாம காலியா விடலாமா?

கொள்கை கொள்கைன்னு பேசுறோம். கொள்கைங்கிறது துண்டு நிறத்துல இல்லீங்க. ஒகேனக்கல் தண்ணி முதல்ல எந்தத் தெருவுக்குத் திறக்குறாங்க? புளோரைடு தண்ணி குடிச்சு பல்லு கறை படிஞ்ச பிள்ளைங்க இருக்கிற கடைசித் தெருவுக்குக் குழாய் எப்போ? புதுசா வர்ற தெருவிளக்கு யார் வீட்டு முன்னாடி? இதுக்கு நீங்க சொல்ற பதில்தான் உங்க கொள்கை. சமூகநீதியை மேடையில பேசுறது சுலபம், ஊராட்சி வரவு செலவுல கொண்டுவர்றதுதான் அரசியல்.

அதனால நம்ம இணையத் தோழர்களுக்கு நாலு வேலை.

1. அடுத்த கிராம சபைக்கு உங்க தெருவுல இருந்து பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போங்க. அதுல அஞ்சு பேர் பெண்களா இருக்கட்டும்.

2. கோரிக்கையை முன்கூட்டியே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு போங்க. தீர்மானமா பதியச் சொல்லுங்க.

3. வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. தீர்மான நோட்டை வாசிச்சுக் காட்டாம யாரும் கையெழுத்துப் போடாதீங்க.

4. பிறகு தகவல் உரிமைச் சட்டத்துல தீர்மான நகல் வாங்கி வைங்க. மூணு மாசம் கழிச்சு, அந்தக் காகிதத்தோடயே போய் ‘என்னாச்சு?’ன்னு கேளுங்க.

அங்க போய் கட்சிக்கொடி பிடிக்க வேண்டாம். கோஷம் வேண்டாம். மாற்றுக் கட்சிக்காரர் நியாயமா ஒண்ணு கேட்டா முதல் கை நம்ம கையா உயரட்டும்.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள் ராஜாவா இருந்துட்டு, மிச்ச நாளெல்லாம் மனு கொடுக்கிற ஆளா இருக்கிறதுக்குப் பேரு மக்களாட்சி இல்ல. விரல்ல வச்ச மை ஒரு மாசத்துல அழிஞ்சிரும். தீர்மான நோட்டுல பதிஞ்ச வரி அழியாது.

கிராம சபைக்கு வாங்க. கேள்வி கேளுங்க.



#கிராமசபை #நம்மஊர்நம்மகணக்கு #இண்டூர்