தொண்டியில் தோற்றவர் யார்?



தொண்டிக் கூட்டத்தில் பேசியதை, அன்று வர இயலாமற் போன தோழர்களுக்காக எழுத்தில் தருகிறேன். மேடையில் பேசியது பேசியபடியே இருக்கிறது. கைதட்டல் மட்டும் இல்லை.

கூட்டத்திற்கு வரும் வழியில் மணமேல்குடியில் ஓர் இளைஞர் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார். கையிலே ஒரு வரலாற்று நூல். சிறிது நேரம் பேசாதிருந்தவர், பிறகு கேட்டார்: "ஐயா, பண்டைய உலகின் படைத்தலைவர்களுள் தங்களுக்குப் பிடித்தவர் யார்?" கேட்டதோடு நில்லாமல், அலெக்சாண்டர், அனிபால், சீசர் என்று தாமே வரிசைப்படுத்தியும் காட்டினார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. மேடையில் கூறுகிறேன் என்றேன்.

படைத்தலைவர்களைப் பற்றிப் பேசுவது எவருக்கும் இனிக்கும். நமக்கோ கற்கண்டு! களம், படை, பாசறை என்ற சொற்களை நாம் தாராளமாகவே வழங்குகிறோம். கிளைச் செயலாளர் கூடச் சுவரொட்டியிலே தளபதியாகிவிடுகிறார். ஆகவே, எவனைத் தளபதி என்று போற்றுகிறோம், எதற்காகப் போற்றுகிறோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

அனிபாலை எடுத்துக்கொள்வோம். கி.மு. 218இல் யானைகளோடு ஆல்ப்சு மலையைக் கடந்தவன். கி.மு. 216இல் கன்னே களத்தில் உரோமப் பெரும்படையை வளைத்து ஒழித்தவன். 15 ஆண்டுக் காலம் இத்தாலி மண்ணிலேயே நின்றவன். இறுதியில் கி.மு. 202இல் சாமாவில் தோற்றான். இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? உரோமர் பக்கம் நின்று எழுதிய பொலிபியசும் லிவியும் சொல்லித் தெரியும். கார்த்தேசு நகரம் கி.மு. 146இல் எரிந்து சாம்பலாயிற்று. அந்நகரத்தான் ஒருவன் எழுதிய போர் வரலாறு எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. தோற்றவனின் கதையை வென்றவன் வாயால் கேட்டுத்தான் நாம் அனிபாலை வியக்கிறோம்!

எனக்கு நெருக்கமானவன் வேறொருவன். அவன் பெயரை அந்த இளைஞர் கேள்விப்பட்டதில்லை. பிராசிடாசு என்னும் சுபார்த்தாவினன். கி.மு. 424ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஆம்பிபோலிசு நகரின் வாயிலுக்குப் படையோடு வந்தான். ஏதென்சின் கைக்குள் இருந்த செல்வ நகரம் அது. அவன் தீப்பந்தம் ஏந்தவில்லை; முரசறைந்து அறிவித்தான். இருக்க விரும்புவோர் தம் உடைமையோடும் உரிமையோடும் இருக்கலாம்; போக விரும்புவோர் ஐந்து நாளுக்குள் தம் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம் என்றான். நகரம் கதவைத் திறந்தது. இரண்டாண்டு கழித்து, கி.மு. 422இல், அதே நகரைக் காக்கும் போரில் அவன் விழுந்தான். அந்நகர மக்கள் அவனை ஊருக்குள்ளேயே அடக்கம் செய்து, தம் ஊரை நிறுவியவன் என்றே ஆண்டுதோறும் விழா எடுத்தார்கள். இதை எழுதி வைத்தவர் யார் தெரியுமா? அந்த நகரைக் காக்க நேரத்தில் வந்து சேராததால் 20 ஆண்டு நாடுகடத்தப்பட்ட ஏதென்சுப் படைத்தலைவர் தூசிடிடீசு! பகைவனின் எழுதுகோலே பாராட்டியது.

இனி, கிரேக்கத்தை விட்டு, நாம் நிற்கும் கரைக்கு வருவோம். காலத்தால் மிகப் பிந்தியவர்கள்தாம். ஆயினும் இந்தத் தொண்டியிலே இரு பெரும் படைத்தலைவர்களின் நிழல் விழுந்திருக்கிறது. (மேலைக் கடற்கரையில் சேரனுக்கு ஒரு தொண்டி இருந்தது, அதனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா.) அனிபாலுக்கு வாய்க்காத ஒன்று இவர்களுக்கு வாய்த்தது. இரு தரப்பின் எழுத்தும் அழியாமல் நிற்கின்றன. ஈழத்தின் பாலி மொழி நூலாகிய சூளவம்சம் ஒருபுறம். சோழநாட்டுக் கல்வெட்டுகள் மறுபுறம்.

1170ஐ ஒட்டிய ஆண்டுகள். மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். ஒரே குடி; ஒரே கொடி; ஒரே மீன். முற்றுகைக்குள் சிக்கிய பராக்கிரம பாண்டியன், பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவுக்கு ஓலை விடுத்தான். கப்பலேறியது ஈழப்படை, அதன் தலைவன் இலங்காபுரன் என்னும் தண்டநாயகன். அவன் வந்து சேருமுன்னே மதுரை வீழ்ந்தது. அழைத்தவன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். அழைத்தவன் மாண்ட பின் அயலான் திரும்பிப் போவானா? போகவில்லை. இராமேசுவரத்தைப் பிடித்தான். குந்துகாலில் கோட்டை கட்டி, தன் மன்னன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரும் இட்டான். சிறைப்பட்ட தமிழர்கள் அனுராதபுரத்துப் பெருந்தூபியைச் செப்பனிட அனுப்பப்பட்டார்கள். செம்பொன்மாரி, நெட்டூர், மானாமதுரை, இதோ பக்கத்து அஞ்சுகோட்டை என்று இந்த வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் எல்லாம் அந்த நூலில் அடுக்கடுக்காக வருகின்றன. ஊர் ஊராக வென்றான். பணிந்த தலைவர்களுக்குப் பரிசளித்தான். மாண்டவனின் மகன் வீரபாண்டியனை மதுரையில் அமர்த்தினான்.

திறமையை மறுக்கக் கூடாது, தோழர்களே. கடல் கடந்து வந்து, தளம் அமைத்து, உள்ளூர்த் தலைவர்களைப் பிரித்து, படி படியாக முன்னேறியவன் அவன். கன்னேயை வியப்பவர்கள் குந்துகாலையும் படிக்க வேண்டும்.

குலசேகரன் சும்மா இருந்தானா? அவன் சோழனிடம் ஓடினான். அப்போது சோழ அரியணையில் இரண்டாம் இராசாதிராசன். அவன் படையின் தலைவன் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பி என்னும் பல்லவராயன். 1924இல் படியெடுக்கப்பட்ட பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இவனைப் பற்றிப் பேசுகிறது. அதிலே எனக்குப் பிடித்த செய்தி போர்ச் செய்தியன்று. முன்னைய மன்னன் இரண்டாம் இராசராசனின் பிள்ளைகள் ஒன்றும் இரண்டும் அகவைக் குழந்தைகள். கலகம் சூழ்ந்த வேளையில், அந்தக் குழந்தைகளையும் அரண்மனைப் பெண்டிரையும் கருவூலத்தையும் ஆயிரத்தளியிலிருந்து இராசராசபுரத்துக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தவன் இவன். கைக்குழந்தையைப் பொம்மையாக வைத்துக்கொண்டு தானே ஆண்டிருக்கலாம் அல்லவா? ஆளவில்லை. உரியவன் ஒருவனைத் தேடி முடிசூட்டினான்.

அதே பல்லவராயன்தான் ஈழப்படையை முறியடித்தான். இலங்காபுரன் முதலானோரின் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியடித்து அறைய வைத்தான். குழந்தையைக் காத்த கையும் தலையை அறைந்த கையும் ஒன்றே! பின்னர் அவனும் நோய்வாய்ப்பட்டு மாண்டான்.

சூளவம்சத்தைப் புரட்டினால், அதிலே தலையும் இல்லை, ஆணியும் இல்லை. இலங்காபுரன் வென்றான், பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசு பாண்டி நாட்டில் வழங்கியது என்ற மட்டோடு கதை நின்றுவிடுகிறது. கல்வெட்டையோ எடுத்தால் வாகை முழுதும் சோழனுக்கே. இருவரும் தத்தம் வாயிலை மட்டும் காட்டினார்கள்.

ஊர்களின் கதி? மணமேல்குடியைக் கொளுத்தியதாக ஈழத்து நூலே பெருமை பேசுகிறது. வண்டியில் வந்த இளைஞரின் ஊர் அது! பக்கத்தில் அமர்ந்திருந்த அவர் முகம் மாறியதைக் கண்டேன். பொறுங்கள். ஈழத்தில் மீண்டும் மரக்கலங்கள் கட்டப்படுவது அறிந்ததும், பராக்கிரமபாகுவின் மருமகன் சீவல்லபனைக் கொண்டே சோழர் தரப்பு பதிலடி கொடுத்தது. மாதோட்டமும் புலைச்சேரியும் அழிந்தன. திருவாலங்காட்டுக் கல்வெட்டில் அது புகழ்ச் செய்தி. இக்கரையில் எரிந்தது மீனவர் குடில். அக்கரையில் எரிந்ததும் மீனவர் குடில்தான். அது தமிழனுக்கும் சிங்களவனுக்கும் நடந்த போர் என்று எவரேனும் மேடையில் முழங்கினால், அழைத்தவன் பாண்டியன், எதிர்த்தவனும் பாண்டியன், ஈழத்தை அழிக்கத் துணைநின்றவன் ஈழத்து அரச குடும்பத்தான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

மிச்சக் கதை சிரிப்புக்கு உரியது. சோழப் படையால் அரியணை ஏறிய குலசேகரன், சில காலத்திலேயே பராக்கிரமபாகுவோடு இரகசிய உறவு கொண்டான். மதுரை வாயிலில் அறைந்திருந்த தலைகளை அகற்றினான். ஓலைகள் அகப்பட்டன. சோழன் சினந்து, அவனைத் துரத்திவிட்டு எவனை அமர்த்தினான்? இலங்காபுரன் அமர்த்திய அதே வீரபாண்டியனை! அதுவும் நிலைக்கவில்லை. 1178இல் பட்டமெய்திய மூன்றாம் குலோத்துங்கன் வீரபாண்டியனையும் விரட்டி விக்கிரம பாண்டியனுக்கு மதுரையைக் கொடுத்தான். எந்த ஆணிக்காக எத்தனை பேர் மாண்டார்கள்!

தொண்டியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்தில் ஒரு கல்வெட்டு, 1899இல் படியெடுத்தது. ஈழப்படை முன்னேறுவது கேட்டு, தொண்டி, பாசி வட்டாரத்து மக்களும் பிறரும் அஞ்சி நடுங்கினர் என்று அது கூறுகிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு கல்லிலே உங்கள் மூதாதையரின் அச்சம் பதிந்து கிடக்கிறது. அவர்களுள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. அந்தச் செய்தியும் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று. எதிரிலிசோழச் சம்புவராயர், படைத்தலைமையில் இருந்த தம் மகனை எண்ணிக் கலங்கி, உமாபதிதேவர் என்னும் ஞானசிவரை அணுகினார். அவர் 28 நாள் பூசனை செய்தார். படை தோற்றோடிய செய்தி வந்தது. நன்றிக்காக ஆர்ப்பாக்கம் என்னும் ஊரையே அவருக்குக் கொடையாக வழங்கினார்கள்.

28 நாளுக்கு ஓர் ஊர்! வெட்டுண்ட வீரனின் மனைவிக்கும், வலை எரிந்த பரதவனுக்கும் எத்தனை குழி நிலம் என்று அந்தக் கல்லில் தேடினேன், தோழர்களே. கொடை பெற்றவரின் பெயர் இருக்கிறது. கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. ஊரின் பெயர் இருக்கிறது.