நாட்டு மாட்டுப் பாலுக்கு ஊரெல்லாம் மவுசு! கறக்கிற கைக்கு என்ன மிச்சம்?

(தாம்பரம் வட்டாரப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உழவர் பெருமக்களே! விடியற்காலையிலேயே பாலைக் கறந்து ஊற்றிவிட்டு, போட்ட வேலையைப் போட்டபடி வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, அகரம்தென், மாடம்பாக்கம், வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம் என்று நாலா பக்கமிருந்தும் திரண்டு வந்திருக்கும் சொந்தங்களே!

ஒரே ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறோம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த 3 ரூபாய்க்கே நாம் எத்தனை முறை பாலைத் தரையில் கொட்டிப் போராட வேண்டியிருந்தது என்பது ஊரறிந்த கதை. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை என்று இன்னொரு 3 ரூபாய் வந்தது. ஆக மொத்தம் 38 ரூபாய். ஆனால் அதே சென்னையில், கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, "நாட்டுப் பசும்பால், ஏ2 பால்" என்று சீட்டு ஒட்டி விற்கிற பால் லிட்டர் 100 ரூபாய்க்கு மேலே போகிறது. பாட்டிலுக்கும் சீட்டுக்கும் அவ்வளவு விலையா? கறக்கிறவனுக்கு என்னங்க பங்கு?

இந்த நியாயத்தைக் கேட்கத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் கேட்பதற்கு முன்னால், நம் பாலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது நமக்கே தெளிவாகத் தெரிய வேண்டும். விற்கிறவன் சொல்கிற கதையை நாமும் திருப்பிச் சொன்னால், நாளைக்கு அந்தக் கதை உடையும்போது நம் பேச்சும் சேர்ந்து உடைந்துவிடும்.

பாலில் என்ன இருக்கிறது?

ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுகளை அளந்து அட்டவணை போட்டிருக்கிறது. 100 கிராம் பசும்பாலில் புரதம் 3.2 கிராம், கொழுப்பு 4.1 கிராம், சுண்ணாம்புச் சத்து 120 மில்லிகிராம். எருமைப் பாலில் புரதம் 4.3, கொழுப்பு 6.5, சுண்ணாம்புச் சத்து 210. ஒரு டம்ளர் பால் குடிக்கிற பிள்ளைக்கு எலும்புக்கும் பல்லுக்கும் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறி, மீன் சாப்பிடாத வீட்டில் பி12 வைட்டமினுக்குப் பாலையும் தயிரையும் விட்டால் பெரிதாக வேறு வழி இல்லை. அதே நேரத்தில், பாலில் இரும்புச் சத்து மிகவும் குறைவு. அதனால் பாலை மட்டும் கொடுத்துப் பிள்ளையை வளர்த்துவிட முடியாது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் தட்டில் இருக்க வேண்டும்.

நாட்டு மாட்டுப் பால் மஞ்சளாக இருக்கும் என்பார்கள். காரணம் என்ன? பச்சைப்புல்லில் கரோட்டின் என்கிற மஞ்சள் சத்து இருக்கிறது. பசு அதில் ஒரு பகுதியை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடும், மீதியை அப்படியே பாலில் விடும். எருமை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றிவிடும், அதனால்தான் எருமைப் பால் வெள்ளை. பச்சைப்புல் மேய்ந்த மாட்டின் பாலில் கரோட்டினும், இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா 3 கொழுப்பும் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைக் கவனமாகக் கேளுங்கள். இந்த நன்மையைக் கொடுப்பது மாட்டின் சாதி மட்டும் இல்லை, மாடு தின்கிற புல்! காங்கேயம் பசுவாகவே இருந்தாலும், கொட்டாயில் கட்டி வெறும் வைக்கோலும் மூட்டைத் தீவனமும் போட்டால் அந்த மஞ்சள் வராது.

ஏ1, ஏ2 என்றால் என்ன?

பாலில் உள்ள புரதத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பீட்டா கேசின் என்பது. 209 மணிகள் கோத்த மாலை மாதிரி அது. அதில் 67-ஆவது மணி மாட்டுக்கு மாடு மாறும். அந்த இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. ஏ1 பால் செரிக்கும்போது பி.சி.எம்.7 என்ற ஒரு துணுக்கு கூடுதலாகப் பிரிகிறது. அதனால் சர்க்கரை நோயும் இதய நோயும் வருமோ என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. 2000-இல் நியூசிலாந்தில் ஏ2 பாலுக்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். வியாபாரம் அங்கேயிருந்து கிளம்பியதுதான்.

நம் நாட்டில் அரியானா மாநிலம் கர்னாலில் இருக்கிற தேசிய கால்நடை மரபுவள நிறுவனம் நாட்டு மாட்டினங்கள் பதினைந்தைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டது. நம் நாட்டு மாடுகளில் ஏ2 மரபணு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேலே! எருமைகளில் முழுக்க முழுக்க ஏ2! எருமை வைத்திருக்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்ம எருமைப் பாலும் ஏ2 பால்தான். கலப்பின மாடுகளிலும் ஏ2 உண்டு. சோதித்துப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

சரி, ஏ1 பால் குடித்தால் நோய் வருமா? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் எல்லா ஆய்வுகளையும் எடுத்து வைத்துப் பார்த்தது. அந்தத் துணுக்குக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று சொல்லிவிட்டது. ஏ2 பால் குடித்தால் சிலருக்கு வயிற்று உப்புசம் குறைகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவுதான். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவருக்கு நாட்டு மாட்டுப் பாலிலும் அதே சர்க்கரைதான் இருக்கிறது. அவர்களுக்குத் தயிரும் மோரும்தான் தோது, ஏனென்றால் உறை ஊற்றும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி புளித்துக் கரைந்துவிடுகிறது. நம் பாட்டிமார் வெயில் காலத்தில் பானையில் மோர் வைத்தது சும்மா இல்லை.

2024 ஆகஸ்ட் 21-ஆம் தேதி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஏ1, ஏ2 என்று சீட்டு ஒட்டி விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஐந்தே நாளில், 26-ஆம் தேதி, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது! இந்தக் குழப்பத்தில் நஷ்டம் யாருக்கு? பெயருக்கு ஏற்ற பாலைச் சுத்தமாகக் கறந்து கொடுக்கிற சிறு விவசாயிக்குத்தான். சோதனையும் இல்லை, சான்றும் இல்லை என்றால், கலப்பட வியாபாரியும் நாமும் ஒரே தட்டில் நிற்கிறோம்.

பாலைக் கெடுப்பது எது?

நோயைக் கொண்டுவருகிற உண்மையான விஷயம் வேறு இருக்கிறது. 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது உணவுப் பாதுகாப்பு ஆணையம். பெரும்பாலும் பால் நல்ல பால்தான் என்று வந்தது. ஆனால் 'அஃப்ளாடாக்சின் எம்1' என்கிற பூஞ்சை நஞ்சு 368 மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது. அதில் முதலிடம் எந்த மாநிலம்? நம்ம தமிழ்நாடு! 551-இல் 88 மாதிரிகள்.

இந்த நஞ்சு எங்கேயிருந்து வருகிறது? பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம், மழையில் நனைந்த வைக்கோல், இவற்றை மாடு தின்றால் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. கல்லீரலைக் கெடுக்கும். நாட்டு மாடு என்பதற்காக அது விலகிப் போகாது. ஆகவே தீவன மூட்டையைத் தரையில் போடாதீர்கள், பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். பூஞ்சை வாடை வந்தால் காசைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். கெட்ட தீவனத்தை விற்கிற கடைக்காரரிடம் ரசீது கேளுங்கள், நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

அடுத்தது மருந்து. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொல்கிற நாள்கள் வரை விற்கவும் கூடாது, வீட்டில் குடிக்கவும் கூடாது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால், நம் கால்நடைப் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகை முறை இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்துக்கொள்ளுங்கள். பாலை முழுக்கக் கறந்து, மடியைக் கழுவிவிட்டு, ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவுங்கள். நாளுக்குப் பத்து தடவை, ஐந்து நாள். கேட்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, பச்சைப் பால். "நாட்டுப் பசும்பாலைக் காய்ச்சாமல் குடிக்கணும், அப்போதான் சத்து" என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். தாம்பரம் சானடோரியம் எதற்காக வந்தது என்று நமக்குத் தெரியாதா? 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. காசநோய் மாட்டுக்கும் உண்டு, பால் வழியாக மனிதனுக்கும் வரும். கன்று வீச்சு நோயும் அப்படித்தான். பாலைப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் காய்ச்சுவதால் ஓடிப்போகாது. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயது முடியும் வரை எந்தப் பசும்பாலும் தாய்ப்பாலுக்கு மாற்று ஆகாது.

மேய்ச்சல் நிலம் எங்கே போச்சு?

பச்சைப்புல் வேண்டும் என்கிறோம். புல் எங்கே இருக்கிறது? மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் நிற்கிறது. பசு பால் சொரிந்து வழிபட்ட இடம் என்பது தலபுராணம். மாட்டின் பெயரால் கோயில் எழுந்த வட்டாரத்தில் இன்று மாடு நிற்க நிழல் இல்லை! மந்தைவெளி மனையாச்சு. மேய்க்கால் புறம்போக்கு கட்டடமாச்சு. ஏரி உள்வாய் நகராச்சு. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மிதந்தது எதனால்? நீர் போகிற வழியையும் மாடு மேய்கிற இடத்தையும் சேர்த்து விற்றதனால்!

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அதன் ஓரத்திலேயே பெருங்குடி குப்பை மேடு. புல் இல்லாத மாடு குப்பைக்குப் போகிறது, பிளாஸ்டிக் பையைத் தின்கிறது, வயிறு அடைத்துச் சாகிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சியும் ஐந்து பேரூராட்சியும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி என்றால் தெருவில் மாடு வரக் கூடாது, பிடித்தால் அபராதம். சரி, நாங்களும் ஒத்துக்கொள்கிறோம், தெருவில் மாடு விடுவது ஆபத்துதான். ஆனால் மாட்டுக்கு ஓர் இடத்தைக் காட்டிவிட்டு அபராதம் போடுங்கள் என்கிறோம். இது தப்பா?

காளை யாருக்குச் சொந்தம்?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நாட்டு மாடுகள் 14 கோடியே 21 லட்சம். 2012-ஐ விட 6 விழுக்காடு குறைவு. கலப்பினமும் சீமை இனமும் கிட்டத்தட்ட 27 விழுக்காடு கூடியிருக்கிறது. ஏன் கூடாது? கலப்பின மாடு பத்து லிட்டர் கறக்கும், நாட்டு மாடு இரண்டு மூன்று லிட்டர். சொசைட்டியில் கொழுப்பும் இதர சத்தும் பார்த்துத்தான் விலை. மாட்டின் பெயரைக் கேட்பவர் இல்லை. பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டியவன் எதை வாங்குவான்? கலப்பின மாடு வைத்திருக்கிற யாரையும் நாம் குறை சொல்லவில்லை. அவரும் நம்ம ஆள்தான்.

ஆனால் வெயிலைத் தாங்கி, கிடைத்ததைத் தின்று, குறைந்த வைத்தியச் செலவில் பிழைக்கிற மாடு நம் நாட்டு மாடு. டெல்டாவின் சேற்றுக்கு உம்பளாச்சேரி, மேட்டுக் காட்டுக்குக் காங்கேயம், மலைக்குப் பர்கூர், நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்குப் பேர் வைக்காத குட்டை மாடு. இதன் அருமை பிரேசில்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. குஜராத்தின் கிர் மாட்டைக் கொண்டுபோய்ப் பால் மாடாக்கினான். நம் பக்கத்து நெல்லூர் பெயரிலேயே 'நெலோர்' என்று ஒரு மாட்டினம் அங்கே மேய்கிறது. இங்கேயோ, 2019-இல் கொண்டுவந்த தமிழ்நாடு மாட்டினப் பெருக்கச் சட்டம் பொலிகாளைக்குப் பதிவும் சான்றும் கேட்கிறது. 2017 சனவரியில் மெரினாவில் திரண்ட பிள்ளைகள் காளையைக் காப்பாற்றத்தான் நின்றார்கள். அந்தக் காளை பசுவோடு சேரவும் சான்றிதழ் எடுக்கணுமா? ஊர்க்காளை வைத்திருப்பவரை ஊக்கப்படுத்துங்கள், மிரட்டாதீர்கள்!

நம் கோரிக்கைகள்

1. நாட்டு மாட்டுப் பாலைக் கூட்டுறவே தனியாகக் கொள்முதல் செய்து, தனிப் பெயரில் விற்க வேண்டும். கூடுதல் விலையில் பெரும்பங்கு உற்பத்தியாளருக்கு வர வேண்டும்.

2. ஏ2 மரபணுச் சோதனையைக் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் சிறு விவசாயிகளுக்கு இலவசமாகச் செய்து, மாட்டுக்கு அட்டை தர வேண்டும்.

3. தீவனக் கடைகளில் பூஞ்சை நஞ்சுச் சோதனை நடத்தி, முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும்.

4. மீதமிருக்கும் மேய்க்கால் நிலங்களை அளந்து, கல் நட்டு, பொதுவில் வைக்க வேண்டும். மாநகராட்சி எல்லையில் பொதுத் தொழுவமும் தீவனப் புல் நிலமும் ஒதுக்க வேண்டும்.

5. ஊர்க்காளைகளுக்குப் பராமரிப்புத் தொகை தர வேண்டும். சிறு விவசாயியின் காளைக்குச் சட்டத்தில் விலக்கு வேண்டும்.

6. கர்நாடகத்தில் 2013 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிறார்கள். 2022-இல் காலை உணவு தந்த தமிழ்நாடு, அதோடு ஒரு டம்ளர் பாலும் தரட்டும். அந்தப் பாலை நம்மிடம் வாங்கட்டும்.

சொந்தங்களே! நம் பாலில் அற்புதம் இருக்கிறது என்று நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை. நல்ல புல், நல்ல தண்ணீர், நோயில்லாத மாடு, சுத்தமான கை, நியாயமான விலை. இது ஐந்தும் சேர்ந்தால் அதுதான் நல்ல பால். முதல் நான்கையும் நாம் பார்த்துக்கொள்வோம், புல்லுக்கு நிலத்தை விட்டுவையுங்கள். ஐந்தாவதைக் கொடுக்க வேண்டியது அரசு. கொடுக்கும் வரை விடப்போவதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். உங்கள் ஊரின் மேய்க்கால் சர்வே எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். பால் அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள். பேச்சு போதும், இனி கணக்கைக் காட்டிக் கேட்போம்.

மேய்ச்சல் நிலம் மீட்போம்! நாட்டு மாடு காப்போம்!
கறக்கிற கைக்குக் கட்டுபடியான விலை பெறுவோம்!