பாய்சனஸ், வெனமஸ்

பாய்சனஸ், வெனமஸ் என்னும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் நஞ்சுள்ளதையே குறிக்கும். நஞ்சு உடலுக்குள் புகும் வழியில்தான் வேறுபாடு. கடித்தோ கொட்டியோ நஞ்சைச் செலுத்தும் நல்ல பாம்பு, தேள், தேனீ ஆகியவை வெனமஸ். தின்றாலோ தொட்டாலோ தீங்கு செய்வது பாய்சனஸ். அரளிச் செடியும் பேத்தை மீனும் இந்த வகை. தென் அமெரிக்க அம்புத் தவளைக்கு நஞ்சு தோலில் இருக்கிறது. அது கடித்து நஞ்சேற்றுவதில்லை. மருத்துவத்திலும் இந்த வேறுபாடு முக்கியமானது: பாம்புக்கடிக்கு ஏற்றும் ஆன்டிவெனம், பேத்தை மீன் உண்டு மயங்கியவருக்கு உதவாது.

ஆகவே, பாம்பைப் பாய்சனஸ் என்பதை உயிரியலாளர்கள் ஏற்பதில்லை. அதற்கும் அருமையான விதிவிலக்கு உண்டு. ஜப்பானின் யமககாஷி பாம்பு, தான் தின்னும் தேரைகளின் நஞ்சைக் கழுத்துச் சுரப்பிகளில் சேர்த்து வைக்கிறது. அதன் கடியிலும் நஞ்சு உண்டு. இரண்டு சொற்களும் அதற்குப் பொருந்தும்.