ஹோலில் படுக்கிறவையும் வீடற்றவைதான்

(ஸ்ட்ராத்ஃபீல்ட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில இறங்கி நடந்து வந்திருப்பீங்கள். வழியில றோட்டில படுத்திருக்கிற தமிழ்க் குடும்பம் எதையும் கண்டிருக்க மாட்டீங்கள். அதனாலதான் "எங்கட சனத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை" எண்டு சொல்லித் தப்பிவிடுகிறோம்.

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீடற்றவர்கள் 122,494 பேர். இதில் வெட்டவெளியில் படுத்தவர்கள் 7,636 பேர் மட்டுமே. கிட்டத்தட்ட 48,000 பேர் அளவுக்கு மீறி நெரிசலான வீடுகளில் இருந்தார்கள். 16,000க்கும் மேற்பட்டோர் தெரிந்தவர் வீடுகளில் ஒதுங்கியிருந்தார்கள். அதாவது, சொந்தக்காரர் வீட்டு ஹோலில பிள்ளைகளோட படுக்கிற அக்காவும் வீடற்றவர்தான். போக இடமில்லாமல் அடிக்கிற புருசனோடயே இருக்கிற அக்கா இந்தக் கணக்கிலயும் வரமாட்டா.

அவவுக்கு என்ன வேணும்? மெல்பேர்ண் டண்டினோங்கைப் பாருங்கோ. லோன்ச் ஹவுசிங் என்ற அமைப்பு 2022இல் அங்க 'விவ்ஸ் பிளேஸ்' கட்டடத்தைத் திறந்தது. குடும்ப வன்முறையாலும் வீடின்மையாலும் அலைந்த தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் 60 வீடுகள். நியூயோர்க் ஹார்லமில் உள்ள சுகர் ஹில் குடியிருப்பு இதற்கு முன்மாதிரி. சில கிழமையில் பெட்டியைக் கட்டச் சொல்லும் காப்பகம் இல்லை இது, நிரந்தர வீடு. உதவிப் பணியாளர்களும் அதே கட்டடத்திலதான் வேலை செய்யினம். "முதல்ல திருந்து, பிறகு வீடு" என்ற பேச்சுக்கு இங்க இடமில்லை. கதவுத் திறப்பு கையில் இருந்தால்தான் வேலை தேடலாம், வழக்கு நடத்தலாம், பிள்ளையை ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்கலாம்.

ஆனால் எங்கட சனத்தில எல்லாருக்கும் இப்பிடி ஒரு கதவு திறக்காது. நியூ சவுத் வேல்ஸில அரச உதவி வீட்டுக்கு விண்ணப்பிக்கப் பொதுவாகக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேணும். 2012, 2013இல் படகில் வந்து, பிறகு அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, இன்னும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிற தமிழருக்கு அந்த வரிசையில நிற்கவே உரிமை இல்லை. அதனால வீட்டுக்கான போராட்டமும் விசாவுக்கான போராட்டமும் எங்களுக்கு ஒண்டுதான். வாடகையாளர் போராட்டங்களுக்கு நாங்கள் போக வேணும். அகதிகளின் கோரிக்கையையும் அங்க கொண்டு போக வேணும். நாங்கள் கேட்கிறது தர்மம் இல்லை, உரிமை.

கடைசியாக ஒண்டு. அடுத்த முறை ஒரு அக்கா வீட்டை விட்டு வந்திட்டா எண்டு கேள்விப்பட்டால், "ஏன் வந்தவ?" எண்டு விசாரிக்காதேங்கோ. "இண்டைக்கு எங்க படுப்பீங்கள் அக்கா?" எண்டு கேளுங்கோ. எங்கட வேலை அங்கயிருந்துதான் தொடங்குது.