தண்டல் கட்டும் கைக்குச் சேமிக்கத் தெரியும்

சேமிப்பு என்பது பணம் கைக்கு வந்த அன்றே, செலவு தொடங்கும் முன்பே, ஒரு பகுதியை எடுத்துக் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது. செலவு போக மிஞ்சியதை வைக்கலாம் என்று காத்திருக்கும் வீட்டில் மிஞ்சுவது அரிது. மாதச் சம்பளக்காரருக்கு இது எளிது. அவருக்கு ஒரு தேதி இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கும் சாணார்பட்டி வட்டாரத்துக்கு அப்படி ஒரு தேதி இல்லை. மாசி, பங்குனியில் புளி. சித்திரை தொடங்கி ஆனி வரை மாங்காய். மழை பெய்தால் மானாவாரி. மற்ற நாட்களில் கூலி வேலை, மில் வேலை. வந்தால் மொத்தமாக வரும், வராவிட்டால் வாரக்கணக்கில் வராது. இப்படிப்பட்ட ஊரில் சிக்கனம் பேசுகிறவர்கள் டீயைக் குறை, பூவைக் குறை என்று தொடங்குவது நியாயமன்று. வெயிலில் உழைத்துக் களைத்தவர் குடிக்கும் ஒரு டீயால் எந்தக் குடும்பமும் நொடித்ததில்லை. குடும்பங்களை நொடிக்க வைப்பது வட்டி.

தண்டலை எடுத்துக்கொள்ளலாம். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். 1,500 ரூபாய் முதல் நாளே போய்விடுகிறது. அசலும் அன்றாடம் கரைவதால், வாங்கியவர் கையில் சராசரியாக நிற்பது ஏறக்குறைய பாதித் தொகைதான். ஆண்டுக் கணக்குப் போட்டால் வட்டி 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மூன்று வட்டி என்று மெதுவாகச் சொல்வதும் ஆண்டுக்கு 36 விழுக்காடு. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்தது. ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் வீட்டில் 2,000 ரூபாய் இல்லாதவர் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போவதில்லை. கடன் கொடுப்பவரைத் தேடித்தான் போகிறார். அந்த 2,000 ரூபாய் முன்கூட்டியே வீட்டில் இருப்பதுதான் சேமிப்பின் முதல் வேலை.

இதே தண்டல் கணக்கில் பெரிய நம்பிக்கை ஒன்றும் இருக்கிறது. மழையானாலும் உடம்பு முடியாவிட்டாலும் நாள் தவறாமல் 100 ரூபாய் கட்டி முடித்தவருக்குச் சேமிக்கத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? ஒழுங்கு இருக்கிறது, தியாகம் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. பணம் போய்ச் சேரும் இடம்தான் தவறு. கடன் முடிந்த 101ஆம் நாள் வசூலுக்கு ஆள் வரமாட்டார். அன்றைக்கே, அதே நேரத்தில், கட்டியதில் பாதியான 50 ரூபாயை உண்டியலில் போடத் தொடங்கினால் 100 நாளில் 5,000 ரூபாய் சேரும். அடுத்த அவசரத்துக்கு வாங்கும் கடன் பாதியாகும். 200 நாளில் 10,000 ரூபாய் சேர்ந்துவிடும். பிறகு தண்டலே வேண்டியதில்லை. நாளும், நேரமும், வந்து கேட்க ஓர் ஆளும் இருந்ததால்தான் தண்டல் தவறாமல் கட்டப்பட்டது. சேமிப்புக்கும் அந்த மூன்றும் வேண்டும்.

அவற்றைக் கொடுப்பது மகளிர் குழு. தமிழ்நாட்டு அரசின் முயற்சியாக 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் பிறகு மாநிலமெங்கும் பரவின. 1992இல் நபார்டு வங்கி இக்குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கத் தொடங்கியது. 12 முதல் 20 பேர் கூடுகிறார்கள், சந்தா கட்டுகிறார்கள், தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடனுக்கும் வட்டி உண்டு. ஆனால் அது குழுவின் பணத்தோடேயே சேர்கிறது. மதுரை மாவட்டம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை கூலி வேலை செய்தவர். களஞ்சியம் என்ற சேமிப்புக் குழு இயக்கத்தில் பெண்களைத் திரட்டிச் சேமிக்க வைத்தவர். 2001இல் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது. சிறு தொகையைச் சேர்த்த பெண்களுக்கு நாடு செய்த மரியாதை அது. சாணார்பட்டியின் ஒவ்வொரு குழுப் பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

குழுவில் இல்லாதவருக்குத் தபால் நிலையம் இருக்கிறது. அங்கே ஆர்.டி. கணக்கு மாதம் 100 ரூபாயில் தொடங்குகிறது. 6.7 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டு கட்டிய 6,000 ரூபாய், முடிவில் 7,100 ரூபாய்க்குச் சற்று மேலாகத் திரும்பும். 12 தவணை கட்டியபின் இருப்பில் பாதி வரை கடனும் பெறலாம். சீட்டு போடுகிறவர்கள், 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேட்டபிறகே முதல் தவணையைக் கட்ட வேண்டும். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பாதுகாப்பு ஆகாது.

அடுத்தது மொய். மொய்யைக் குறைத்துக்கொள் என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அது உறவு, வாங்கியதைத் திருப்பிச் செய்யும் கடமை. ஆனால் மொய் திடீரென்று வரும் செலவு அன்று. யாருக்கு எவ்வளவு என்பது மொய் நோட்டில் இருக்கிறது. முகூர்த்தம் எந்த மாதங்களில் என்பது எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் இல்லாத ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் மொய்க்கென்று தனியாக எடுத்துவைத்தால், ஆவணியிலும் தையிலும் நகை அடகுக் கடைக்குப் போகாது.

அடகில் இருக்கும் நகைக்கும் கவனம் வேண்டும். வட்டியை மட்டும் கட்டி ஆண்டுதோறும் திருப்பி வைக்கும் பழக்கம், நகையின் விலையை மெல்லத் தின்றுவிடும். ஆகவே மாங்காய்ப் பணமோ புளிப் பணமோ மொத்தமாக வரும் ஆண்டில், அதிக வட்டிக் கடன் முதலில் அடைய வேண்டும். அடுத்து நகை மீள வேண்டும். மூன்றாவதாகப் பள்ளி திறக்கும் ஜூன் செலவுக்கு ஒதுக்க வேண்டும். புது போனும் புது வண்டியும் அதற்குப் பிறகு.