முன்னோக்கி வரலாறு, பின்னோக்கி இலக்கியம்



வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு, பத்தாம் தரத்திலிருந்து பதின்மூன்றாம் தரம் வரை, வரலாற்றையும் இலக்கியத்தையும் எந்த வரிசையில் கொடுப்பது? இதுதான் இன்றைய ஆய்வரங்கின் பொருள். நம் நாட்டுச் சட்டப்படி 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே மேல்நாட்டார் சொல்லும் வீட்டுக்கல்வி இங்கே பெருவழக்கு அல்ல. ஆனால், பள்ளிக்கூடத்துக்கு வெளியே படிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதா? 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் பெயர்ந்தபோது படிப்பும் மூட்டை முடிச்சோடுதான் போனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். 2020 இல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியது. இன்றும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதும் பிள்ளை, பாதி நேரம் ரியூட்டரியிலும் மீதி நேரம் வீட்டு விறாந்தையிலும்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாள் கிடைக்கிறது. எதை முதலில் வாசிப்பது என்று சொல்ல ஆள் இல்லை.

மேல்நாட்டு வீட்டுக்கல்வி நூல்களில் இதற்கு ஓர் எளிய விடை உண்டு: எந்தக் காலத்து வரலாறோ அந்தக் காலத்து இலக்கியம். கிரேக்க வரலாறு படிக்கும் ஆண்டில் ஹோமர், அப்படியே படிப்படியாக இன்றைய நாவல் வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அங்குள்ள பிள்ளை ஹோமரைத் தன் காலத்து மொழிபெயர்ப்பில் வாசிக்கிறது. நம் பிள்ளைக்கோ மூலமே தமிழ். அதுவும் உரையில்லாமல் ஓரடி நகர முடியாத தமிழ். அந்த முறையை அப்படியே எடுத்தால், 15 வயதில், ஆசிரியர் பக்கத்தில் இல்லாத வீட்டில், முதல் தவணையிலேயே அகநானூற்றில் போய் முட்டிக்கொள்ளும். அதோடு புத்தகத்தை மூடிவிடும்.

நம்முடைய திண்ணைப் பள்ளிகள் இந்தத் தவறைச் செய்யவில்லை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், பிறகு நிகண்டு, அந்தாதி, கந்தபுராணம், நன்னூல் என்று ஏறிய அந்த வரிசையில் காலக்கணக்குக்கு இடமே இல்லை. பிள்ளையின் நாவுக்கு எது எளிதோ அது முதலில். நாவலர் பெருமான் பாலபாடங்களைப் படிப்படியாக எழுதியதும் இதே நியாயத்தில்தான். ஆனால் திண்ணையில் வரலாறு இல்லை. அதை அங்கே தேடுவதும் நியாயம் அல்ல.

என் முன்மொழிவு இது. வரலாறு பழையதிலிருந்து புதியதற்கு வரட்டும். காரணமும் விளைவும் அந்தத் திசையில்தான் ஓடுகின்றன. இலக்கியம் புதியதிலிருந்து பழையதற்குப் போகட்டும். மொழியின் சுலபம் அந்தத் திசையில் இருக்கிறது. இரண்டும் எதிரெதிரே நடந்து நடுவழியில் சந்திக்கும்.

முதல் ஆண்டில் இரண்டும் ஒன்றையொன்று அறியாதவைபோல இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரலாற்றில் கந்தரோடையும், 1980 இல் ஆனைக்கோட்டைப் பெருங்கற்கால ஈமப்புதைவில் கிடைத்த முத்திரையும். இலக்கியத்தில் டொமினிக் ஜீவாவின் சிறுகதை, மஹாகவியின் குறும்பா, டானியலின் 'பஞ்சமர்'. அதனால் குறை ஒன்றும் இல்லை. அம்மாவும் பிள்ளையும் அகராதி எடுக்காமல் சேர்ந்து வாசிக்கலாம், சண்டை பிடிக்கலாம். வீட்டில் படிப்பதன் பெரிய வசதியே அதுதான்.

சந்திப்பு எங்கே நிகழ்கிறது என்று பாருங்கள். வரலாறு நல்லூர் இராச்சியத்தையும் போர்த்துக்கீசரையும் ஒல்லாந்தரையும் தொடும்போது, பின்னோக்கி வரும் இலக்கியமும் அதே காலத்துக்கு வந்து சேர்கிறது. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி 1736 அளவில் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை' உரைநடை. கைலாயமாலை, வையாபாடல் முதலியவற்றைத் துணைக்கொண்டு எழுந்தது. அதே நூல் வரலாற்றுக்குச் சான்று, இலக்கியத்துக்குப் பாடம். யாழ்பாடி கதையைச் சுவைத்து வாசித்த பிள்ளை, அடுத்த நாள் அதே பக்கத்தைச் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும். ஒரு பயிற்சி சொல்கிறேன். முதலாம் சங்கிலி பட்டத்துக்கு வந்தது 1519 என்பர். போர்த்துக்கீசர் சங்கிலியைச் சிறைப்பிடித்தது 1619. வைபவமாலையில் இருவரும் ஒரே சங்கிலி. நூறு ஆண்டை ஒரு மன்னன் ஆண்டிருக்க முடியுமா என்று பிள்ளையே கணக்குப் போட்டுக் கேட்கட்டும். சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் 'யாழ்ப்பாண வைபவ விமரிசனம்' எழுதியது இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டுத்தான். அந்த விமரிசனத்தைப் பிள்ளையின் கையில் பிறகு கொடுங்கள். முதலில் கொடுத்தால் கேள்வி பிறக்காது.

அதே தவணையில் இரண்டு பள்ளுகளையும் அருகருகே வைக்கலாம். 'ஞானப்பள்ளு' கத்தோலிக்கருடையது, சின்னத்தம்பிப் புலவரின் 'பறாளை விநாயகர் பள்ளு' சைவருடையது. சமயம் வேறு, ஆட்சி வேறு, வயலும் பள்ளனும் பண்ணைக்காரனும் அதேதான். அந்த வயலில் உழைத்தவனுடைய நிலைமை பற்றி 'பஞ்சமர்' படித்த பிள்ளை என்ன கேட்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இலக்கியத்தைப் பின்னோக்கிப் படித்ததன் பயன் அங்கே தெரியும். தயவுசெய்து யாரும் அரசகேசரியின் இரகுவமிசத்தை இந்த இடத்தில் செருகிவிடாதீர்கள். பண்டிதர்களே மூச்சு வாங்கும் நூல் அது.

இந்தச் சந்திப்பைச் சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருவதற்கு இடைப்பட்ட மாதங்களில் வைக்கலாம் என்பது என் கருத்து. அப்போது எல்லாப் பிள்ளைகளுமே வீட்டில்தான். சாதாரண தரத்தில் வரலாறு கட்டாய பாடம். இலக்கிய நயம் விரும்பினால் எடுப்பது. பரீட்சைக்கு உரியதை அது கேட்கும் வரிசையில் படித்து முடிக்கட்டும். நான் சொல்வது அதன் பக்கத்தில் ஓடும் வாசிப்பு.

கடைசி ஆண்டில் இன்னொரு சந்திப்பு காத்திருக்கிறது. இலக்கியம் தேவாரத்தையும் சிலம்பையும் கடந்து சங்கப் பாட்டுக்கு, ஈழத்துப் பூதன்தேவனார் வரைக்கும் போய்விடும். வரலாறோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சுக்கூடங்களுக்கு வந்துவிடும். 1832 இல் சிறுப்பிட்டியில் பிறந்து, வட்டுக்கோட்டை செமினரியில் படித்து, சென்னைக்குப் போன சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887 இல் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். காலையில் அந்த ஏட்டுச்சுவடிகள் புத்தகமான கதையை வரலாறாகப் படித்துவிட்டு, மாலையில் அந்தப் புத்தகத்தையே இலக்கியமாகத் திறக்கலாம். நான்கு ஆண்டு பின்னோக்கி நடந்து பழகிய கண்ணுக்கு உரை ஒரு கைத்தடி மட்டுந்தான்.

நூல்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி முன்புபோல் இல்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்து வருகிறது. குறைவது, ஆசிரியர் இல்லாத வீட்டில் அந்த நூல்களைப் பிரித்து வாசிக்க உதவும் சிறு குறிப்புகள்: அருஞ்சொல், ஊர்ப்பெயர், ஒரு வரைபடம், இரண்டு கேள்வி. இந்த இரண்டு நாளில் பன்னிரண்டு தவணைக்கும் அந்தக் குறிப்புகளின் வரைவை எழுதி முடித்தால் போதும். கட்டுரை வாசிக்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

முதல் அமர்வு பத்தாம் தரத்து முதல் தவணைக்கு உரியது. ஜீவாவின் எந்தக் கதையில் தொடங்குவது என்பதிலேயே இங்கு உடன்பாடு இல்லை என்று அறிகிறேன். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.